லைட்டை மூடட்டுமா

பொறாமையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "வேற விஷயமே கெடைக்கலையா ஒனக்கு?" என்று போனில் கேட்டாள் என் தங்கை. கிடைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் டெல்லியில் நர்ஸ் வேலை பார்த்தவளிடம் சொல்வதற்குக் கதையா இல்லை? நிறைய இருக்கிறது. ஆனால் மற்ற எல்லாக் கதையிலும் நான் நல்லவளாகவே வருகிறேன். இந்த ஒன்றில்தான் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடலோரம். வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நியூரோ ஐசியூவில். தலையில் அடிபட்டவர்கள், மூளையில் ரத்தம் கசிந்தவர்கள், கட்டிக்கு ஆபரேஷன் ஆனவர்கள் என்று எட்டு பெட். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஏதோ மெஷின்களோடு மல்லுக்கட்டுகிற மாதிரி தெரியும். உண்மையில் எங்கள் வேலையில் பாதி, காவல் காப்பதுதான். மண்டையோடு என்பது இறுக்கி மூடிய குக்கர், ஆனால் விசில் கிடையாது. உள்ளே மூளை வீங்கினால் அந்த வீக்கம் போவதற்கு இடம் இல்லை. தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். அது நடப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் மணிக்கொரு தடவை போய் எழுப்பி, பேர் என்ன, இது எந்த இடம், எந்த மாசம் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்கிறோம். கண்ணில் டார்ச் அடித்துக் கண்பாப்பா சுருங்குகிறதா என்று பார்க்கிறோம். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறோம். கண் திறப்பதற்கு நாலு மார்க், பேச்சுக்கு ஐந்து, கைகாலுக்கு ஆறு. மொத்தம் பதினைந்து. சார்ட்டில் பதினைந்து என்று எழுதிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மூச்சு விடலாம்.

அந்த ஐசியூவில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் தமிழ் பேசுகிற பேஷண்ட் வந்தாலும், "தீதி கோ புலாவோ", அக்காவைக் கூப்பிடு என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் இந்தி இன்றைக்கும் கல்லும் முள்ளும்தான். ஆண்பால் பெண்பால் பார்க்காமல் அடித்து விடுவேன், வார்டுபாய்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தமிழ் என்று வந்தால் நான்தான். அது என் சொத்து என்றே நினைத்திருந்தேன்.

அந்தச் சொத்தில் பங்குக்கு வந்தவள்தான் ஜனக்புரிக்காரி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பிள்ளை. அப்பா பேங்க் வேலையாக வந்து ஜனக்புரியில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். இவள் பிறந்ததே டெல்லியில். அங்கேயுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தாள் என்று பேர், தமிழில் பஸ் போர்டு படிப்பதற்குள் பஸ் போய்விடும். இந்தி மட்டும் தண்ணீராய் ஓடும். டாக்டர்கள் அவளோடு சிரித்துப் பேசினார்கள், பேஷண்டுகளின் சொந்தக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அதெல்லாம் போகட்டும், இந்தி அவளுடையது, தமிழ் என்னுடையது என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன்.

அப்போதுதான் இரண்டாம் பெட்டுக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். திருச்சிக்காரர். கணவர் மத்திய அரசு ஆபீஸில் வேலை, லோதி ரோடு குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டு, தலை நடுச்சுவரில் மோதியிருக்கிறது. மூளையின் வலது பக்கம் கொஞ்சம் ரத்தக்கசிவு, சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். ஆபரேஷன் உடனே வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம், வீக்கம் அடுத்த நாலைந்து நாளில்தான் ஏறும் என்றார் பெரிய டாக்டர். பார்த்துக்கொண்டிருப்போம் என்று டாக்டர் சொன்னால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அர்த்தம்.

முதல் நாள் நான்தான் அவருக்கு டியூட்டி. "தல வலிக்கா? கண்ண நல்லா தொறந்து என்னயப் பாருங்க பாப்பம்" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தவர் பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. "திருநெல்வேலியா தூத்துக்குடியா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். நொய்டாவில் ஒரு கம்பெனியில் வேலையாம் அவருக்கு. செல்போனிலும் இணையத்திலும் வருகிற தமிழைப் படித்துப் பார்த்துப் பிழை திருத்துவது. அதைக் கேட்டதும், நம்ம பேச்சில் என்னென்ன குற்றம் கண்டுபிடிப்பாரோ என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகி, அதைச் சொல்லியும்விட்டேன். அவர் தலையை அசைக்காமல், "அது தப்பில்ல சிஸ்டர், அது உங்க ஊரு" என்றார். அன்றைக்கு ஹாஸ்டலுக்குப் போய் ரூமில் இருந்த எல்லாரிடமும் அதைச் சொன்னேன்.

மறுநாள் ஜனக்புரிக்காரிக்கு இரண்டாம் பெட் போனது. பக்கத்துப் பெட்டில் நான் நின்றிருந்தேன். தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும், இந்தியில் அதற்கு சக்கர் என்பார்கள். இவள் போய், "சக்கர் வருதா?" என்று கேட்டாள். "சக்கரம் எங்கேர்ந்து வரும்? ஸ்கூட்டர்லயே விட்டுட்டு வந்துட்டேன். தலை சுத்துதான்னு கேளு" என்றார் அவர். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வாய் துடைத்து விட்டு, போர்வையைச் சரி பண்ணி, கண்ணுக்கு வெளிச்சம் உறுத்தக் கூடாதே என்று, "லைட்டை மூடட்டுமா?" என்றாள். இந்தியில் கதவுக்கும் லைட்டுக்கும் ஒரே சொல்தான், பந்த். அதை அப்படியே தூக்கித் தமிழில் போட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "கதவை மூடு, லைட்டை அணை" என்றார். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவை வேலை முடிந்ததும் இவள், லைட்டை மூடட்டுமா என்பாள். இப்போது தெரிந்தேதான் சொல்கிறாளா, நிஜமாகவே அப்படித்தான் வாயில் வருகிறதா என்று எனக்குச் சந்தேகம். அவர் ஒரு தடவைகூட விட மாட்டார். கதவை மூடு, லைட்டை அணை. மூடுறதுக்கு லைட் என்ன டப்பாவா? அந்த ஒரே நாளில் பத்துத் தடவை. திருத்தித் திருத்திப் பிழைப்பு நடத்துகிறவருக்குக் கை அரித்திருக்கும், இவள் வந்து வாய்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலமே அவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். மரியாதையாக, நீங்க வாங்க போட்டு. என்னிடம் அவர் செய்த ஒரே குறும்பு, மாசம் கேட்கும்போதுதான். இது எந்த மாசம் என்று கேட்டால் நேராகப் பதில் வராது. "தமிழ்க் கணக்குலயா, இங்கிலீஷ் கணக்குலயா?" என்று திருப்பிக் கேட்பார். ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க என்பேன். ஐப்பசி என்பார். எனக்கு அது வேலையை இழுத்தடிப்பதாகத்தான் பட்டது. மற்றபடி என்னோடு பேச அவருக்கு ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் தப்பே செய்யவில்லையே.

வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. பத்தொன்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்த தமிழுக்கு ஒரு வணக்கம், ஓட்டை உடைசல் தமிழுக்குக் கொஞ்சல். என்ன நியாயம் இது? மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், மலையாளத்து சிஸ்டர் ஒருத்தி என்னைப் பார்த்து, "சேச்சி, காதில் புகை" என்று என் தமிழையே எடுத்து எனக்குப் பரிமாறினாள். ஊருக்கே தெரிந்துவிட்டது.

எனக்குக் கையில் இருந்த ஆயுதம் வேலையின் சட்டதிட்டம்தான். அழுத்தம் ஏறக்கூடிய பேஷண்டைச் சும்மா அலைக்கழிக்கக் கூடாது. இருமக் கூடாது, முக்கக் கூடாது, பதறக் கூடாது. நான் ஜனக்புரிக்காரியைத் தனியே கூப்பிட்டு, "பேஷண்ட சிரிக்க வைக்காத. தலைக்குள்ள பிரஷர் ஏறும். ஒனக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. அந்தச் சின்னச் சிரிப்பில் எதுவும் ஏறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அதோடு விட்டேனா? ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. யாருக்கு எந்த பெட் என்று போர்டில் எழுதுவது என் கை. மூன்றாம் நாள் காலையில் அவளை ஆறாம் பெட்டுக்குத் தூக்கிப் போட்டேன். இரண்டாம் பெட்டுக்கு என் பெயரை எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் நான் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. தலைமாட்டை அளவாக உயர்த்தி, கழுத்து ஒரு பக்கமும் சாயாமல் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்தேன். கழுத்தில் ரத்தம் இறங்குவதற்குத் தடை வந்துவிடக் கூடாதென்று ஆக்ஸிஜன் குழாயின் நாடாவைத் தளர்த்தினேன். முதுகு துடைப்பது, வாய் கழுவுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து அழுத்தத்தை ஏற்றாமல், நடுநடுவே ஓய்வு கொடுத்துச் செய்தேன். மலச்சிக்கலில் முக்கிவிடக் கூடாதென்று சிரப் கொடுத்தேன். கணவர் கண்ணீரும் கம்பலையுமாக வந்தபோது, அழுவதாக இருந்தால் வெளியில் அழுதுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படி. அவர் ஒவ்வொன்றுக்கும் தேங்க்ஸ் சிஸ்டர் என்றார். லைட்டை அணைக்கட்டுமா என்று கேட்டால், அணைங்க என்றார். சாயங்காலம் ஆனால், "பாப்பா எங்க?" என்று கேட்டார். ஆறாம் பெட்டில் வேலையாக இருக்கிறாள் என்றேன். ரெண்டு நாளும் அதே கேள்வி. ரெண்டு நாளும் அதே பதில்.

ஐந்தாம் நாள் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லை. ஏழாம் பெட்டுக்குப் புதிதாக வெண்டிலேட்டர் பேஷண்ட் வந்தார், அதை நான்தான் பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் இரண்டாம் பெட்டை ஜனக்புரிக்காரிக்குத் திருப்பிக் கொடுத்தேன். மனசில்லாமல்தான் கொடுத்தேன். இதை இங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு பேருக்கும் அன்று காய்ச்சல் வந்திருக்காவிட்டால் அந்தப் பெண் இன்று உயிரோடு இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். நான் கவுண்டரில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, ரெண்டாம் பெட் என்னைத் திருத்தல."

எனக்குப் புரியவில்லை. என்ன திருத்தல என்றேன்.

"லைட்டை மூடட்டுமா கேட்டேன். ம்ம், மூடுன்னு சொல்லிட்டாங்க."

சிரிப்புத்தான் வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. இரண்டு நாள் பிரிவில் மவுசு குறைந்துவிட்டது போல என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. "அலுத்துப் போயிருக்கும்ட்டி. எத்தன தடவ ஒனக்குச் சொல்லிக் குடுப்பாவ?" என்றேன்.

அவள் நகரவில்லை. அவங்க அப்படி விட மாட்டாங்க அக்கா என்றாள். சரி என்று எழுந்து போய் நானே பார்த்தேன். கூப்பிட்டதும் கண் திறந்தார். பேர் சொன்னார். ஆஸ்பத்திரி என்றார். எந்த மாசம் என்றேன், அக்டோபர் என்றார். கை அழுத்தம் சரி. டார்ச் அடித்தேன், இரண்டு கண்ணும் சமமாகச் சுருங்கியது. "பாத்தியா? பதினஞ்சு" என்று அவள் கண் முன்னாலேயே சார்ட்டில் எழுதினேன். கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். பிறகு ஏழாம் பெட்டுக்குப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நியூரோ சர்ஜரியில் டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஹரியானாக்காரர், கையில் பாதி குடித்த டீ. அவள்தான் என்னைக் கேட்காமல் போன் போட்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டுக் கூப்பிட்டாய் என்று அவளை எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் எனக்குப் பதில் சொல்லாமல் டாக்டரிடம் இந்தியில் சொன்னாள்: பேஷண்ட் எப்போதும் என் தமிழில் தப்புக் கண்டுபிடிப்பார், இன்று கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, சீனியர் நீங்கதானே, நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர் என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ நல்ல பதில் சொல்லியிருக்கலாம். ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு ஜெயித்துக் கொடுத்த மாதிரி ஆகுமே என்று இருந்தது எனக்கு. "ஃபிஃப்டீன்" என்றேன். சார்ட்டையும் எடுத்து நீட்டினேன்.

அவர் சார்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவள் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். வழியை மறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை நீங்களே பேசிப் பாருங்கள், ஒன்றுமில்லை என்றால் என்மேல் கம்ப்ளெய்ண்ட் எழுதுங்கள் என்றாள். டீயைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவர் போனார்.

போனவர் அவசரப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை நின்றார். பதில் வந்தது, சரியான பதில்தான், ஆனால் வர நேரமானது. நடுவில் கொட்டாவி விட்டார் அந்தப் பெண். இன்னொரு கொட்டாவி. டாக்டர் மானிட்டரைத் திருப்பிக் காலையிலிருந்து ஓடிய நாடித்துடிப்பைப் பார்த்தார். படி இறங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. ரத்த அழுத்தம் அதே போல ஏறியிருந்தது. நன்றாகத் தூங்குகிறார், அதுதான் நாடி நிதானமாக இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அது தலைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம் என்று முதல் வருஷத்து மாணவிக்குக்கூடத் தெரியும்.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த மாசம் என்று கேட்டேனே, தமிழ்க் கணக்கா இங்கிலீஷ் கணக்கா என்று அவர் கேட்கவில்லை. அக்டோபர் என்று நேராகச் சொன்னார். அப்பாடா, இன்றைக்காவது ஒழுங்காகப் பதில் சொன்னாரே என்று நான் நிம்மதிப்பட்டேன். அவளுக்குக் கிடைத்த அதே சேதி எனக்கும் கிடைத்திருக்கிறது. அவள் காதில் விழுந்தது, என் காதில் விழவில்லை.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். லிஃப்டுக்குள் டார்ச் அடித்தது நான்தான். வலது கண்ணின் பாப்பா விரிந்து நின்றது, சுருங்கவில்லை. மாதாவே என்று கத்திவிட்டேன். வீக்கத்தைக் குறைக்கிற மருந்தை அந்த லிஃப்டிலேயே ஓடவிட்டோம். ஸ்கேன் முடிந்த கையோடு ஆபரேஷன் தியேட்டர். மண்டையோட்டில் ஒரு பகுதியைத் திறந்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, மூளைக்கு வீங்க இடம் கொடுத்தார்கள். அரை மணி தாமதித்திருந்தால் தியேட்டருக்கு அவசியமே இருந்திருக்காது என்றார் பெரிய டாக்டர். அந்த அரை மணியைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஜனக்புரிக்காரியை எல்லார் முன்னாலும் பாராட்டினார். நீ எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சீனியரும் வந்து பார்த்தார்கள் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரியாக இருந்ததையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். இன்னும் அதிகமாக எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எரிந்தது என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பு.

அந்த ஞாயிறு கோல் மார்க்கெட் பக்கத்துச் சர்ச்சுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன், சாமியாரிடம் என் பாவத்தைச் சொன்னேன். கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் மேல் பொறாமை என்றேன். அவள் உனக்கு ஏதாவது கெடுதல் செய்தாளா என்று கேட்டார் சாமியார். "நல்லது செஞ்சிட்டா சாமி" என்றேன்.

ஆபரேஷன் முடிந்தும் கவலை முடியவில்லை. நாலு நாள் அந்தப் பெண் வெண்டிலேட்டரில் இருந்தார். கணவர் தினமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஒரே கேள்விதான் கேட்பார்: பேசினாளா சிஸ்டர்? குழாய் தொண்டையில் இருக்கும்போது பேச முடியாது சார் என்று தினமும் சொன்னேன். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தோம். அப்போதும் பேசவில்லை. கண் திறந்தார், சொன்னால் விரலைத் தூக்கினார், ஆனால் முனகல் மட்டும்தான். பேச்சுக்கு ஐந்து மார்க்கில் இரண்டு. வலது பக்கத்து அடிதானே, பேச்சுக்கு இடது பக்கம்தான், வந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்களும் ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து பார்த்தார்கள். திருத்திப் பிழைக்கிற பெண்ணுக்குப் பேச்சுப் போனால் என்ன மிஞ்சும்? அந்தக் கணவரின் முகத்தைப் பார்க்கவே நான் பயந்து, வேறு கதவு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

அதற்கு மறுநாள் காலை ஜனக்புரிக்காரிக்கு வார லீவு. இரண்டாம் பெட் எனக்கு. பேர் கேட்டேன், முனகல். இடம் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். தமிழ்க் கணக்குல என்ன மாசம் என்று வம்புக்கு இழுத்துக்கூடப் பார்த்தேன். பதில் இல்லை. வாய் துடைத்து, கழுத்தை நேராக்கி, துண்டுகளைச் சரி பண்ணி முடித்தேன். கை தானாக ஸ்விட்ச் பக்கம் போனது. சுற்றிலும் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. நாக்கு வளைய மறுத்தது.

"லைட்ட மூடட்டுமா?" என்றேன்.

நான் ஸ்விட்சில் கையை வைத்தபடியே நின்றேன். அவருடைய புருவம் மெல்ல நெரிந்தது. கண் திறந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். உதடு ஒட்டியிருந்தது, பிரித்து, கரகரத்த குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நீங்க... அணைக்கட்டுமான்னுதானே... கேப்பீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பாப்பா எங்க?"

எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அழுவதாக இருந்தால் வெளியில் போய் அழ வேண்டும் என்கிற சட்டம் என்னுடையதுதான், அதனால் அழவில்லை. யார் யார் எப்படிப் பேசுவார்கள் என்று நினைவிருக்கிறது. ஆள் தெரிகிறது. இல்லாத ஆளையும் தெரிகிறது. பேச்சுக்கு ஐந்து என்று சார்ட்டில் எழுதினேன். எழுதும்போதே நெஞ்சில் அந்த முள்ளும் குத்தியது. பிழைத்து வந்து பேசிய முதல் பேச்சிலும் என்னைச் சரியாகப் பேசுகிறவள் என்று ஒத்துக்கொண்டுவிட்டு, தப்பாகப் பேசுகிறவளைத்தான் தேடினார்.

வெளியே கணவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசினாள் சிஸ்டர் என்றார். என்னைத் திருத்தினாங்க சார் என்றேன். அவர் உட்கார்ந்து அழுதார்.

பிறகு வராந்தாவின் கோடிக்குப் போய் ஜனக்புரிக்காரிக்குப் போன் போட்டேன். லீவு நாளில் நான் கூப்பிட்டால் ஏதோ திட்டத்தான் என்று பயந்து, எடுத்ததுமே ஸாரி அக்கா என்றாள். எதுக்கு ஸாரி என்று அவளுக்கும் தெரியாது. ஸாரி சொல்ல வேண்டியவள் யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"ஏட்டி, ரெண்டாம் பெட் பேசிட்டாவ. ஒன்னத்தான் கேக்காவ."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மெட்ரோவில் வந்தால் லேட் ஆகும், ஆட்டோ பிடித்து வரட்டுமா என்றாள். வா என்றேன்.

"வந்து என்ன பண்ணணும் அக்கா? லைட்டை மூடணுமா?"

அணைக்கணும் என்று நாக்கு நுனி வரை வந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம், சும்மா விடுமா? அவளுடைய தமிழை நான் ஒரு நாளும் திருத்தியதில்லை, தப்பாகவே பேசிச் சீரழியட்டும் என்று விட்டு வைத்திருந்தேன். இப்போதும் திருத்தவில்லை, இந்தத் தடவை காரணம் வேறு.

"ஆமாட்டி" என்றேன். "சீக்கிரம் வந்து மூடு."